பருத்திக்கும் மெத்தை

சேலைக் கடை வேலைக்கு நாக்கு நன்றாக இருந்தால் போதும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கால்தான் முக்கியம் என்பது நம்மைப் போல நின்று பிழைத்தவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் தி. நகர் ஜவுளிக் கடை ஒன்றின் மாடியில், பருத்திச் சேலைப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். உங்களுக்கும் எங்கள் முதலாளியைப் போல ஒருவர் வாய்த்திருப்பார். சேர்ந்தே வயிறெரிவோம்.

நாற்காலி

விற்பனைப் பெண்ணாக இருந்த எனக்குப் பதவி உயர்வு தந்தபோது, குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் உட்கார ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். மற்ற பெண்கள் உட்காரவே கூடாது. ஈ ஓட்டுகிற மத்தியானத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம்.

பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் ஸ்டெல்லாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. இப்படியே போனால் வேலையை விட்டுவிடுவாள் என்று பயந்து என் நாற்காலியை அவளிடம் தள்ளினேன். மேனேஜர் வந்து அவளை எழுப்பிவிட்டார். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று நாற்காலியைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு நானும் நின்றேன். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா நீ, இருந்த ஒண்ணையும் தூக்கிக் குட்த்துட்ட.”

பலூன்

ஊழியர்கள் மனம் ஒன்றி வேலை செய்வதில்லை என்று முதலாளிக்கு யாரோ ஓதிவிட்டார்கள். உடனே ராயப்பேட்டையில் ஓர் ஓட்டல் ஹாலில் மேற்பார்வையாளர்களான எங்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி. டை கட்டிய ஒருவர் கை தட்டச் சொன்னார், பலூன் ஊதச் சொன்னார். ஊழியர்களை உற்சாகப்படுத்த என்ன செய்யலாம் என்று கேட்டார். “உட்கார விடலாம் சார்” என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். என் பதில் மட்டும் போர்டில் ஏறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டைக்காரர் என்னைத் தனியாகப் பிடித்தார்.

“பாயிண்ட் கரெக்ட்தான் மேடம். ஆனா இன்னிக்கு டாபிக் அது இல்லையே.”

மெத்தை

கீழே பட்டுப் பிரிவில் ஆண்கள் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் சேலையை விரிப்பார்கள். வாங்க வருபவர்களும் எதிரே உட்காருவார்கள். கீழே மரியாதையாக இருப்பது மாடிப்படி ஏறியதும் எப்படி அவமரியாதை ஆகும்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கிடங்கில் கிடந்த பழைய மெத்தை ஒன்றை இழுத்து வந்து சுவரோரம் போட்டேன். சலவை வேட்டி ஒன்றை அதன்மேல் விரித்து ஸ்டெல்லாவை உட்கார வைத்தேன். மற்ற பெண்கள் முறை வைத்து உட்காருவது என்று முடிவானது. சுவரில் முதுகு பட்டதுமே ஸ்டெல்லாவுக்குக் கண் சொக்கியது.

“தூக்கம் வந்துக்கினு கீதுக்கா. யார்னா வந்தா தட்டு.”

வெளிச்சம்

விஷயம் காதுக்கு எட்டி, முதலாளியே மாடியேறி வந்தார். அந்த நேரம் மயிலாப்பூர் மாமி ஒருவர் மெத்தையில் ஸ்டெல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து, மடி நிறையச் சேலைகளைக் குவித்து வைத்திருந்தார். “மெத்தையை எடு” என்று முதலாளி என்னிடம் பல்லைக் கடித்தார். “அவங்க எழுந்ததும் எடுக்கறேன்” என்றேன். எழுந்திருக்கும் உத்தேசம் மாமிக்கு இல்லை. முதலாளியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“செத்த நகருங்கோ, வெளிச்சத்தை மறைச்சிண்டு நிக்கறேளே. இந்தப் பொண்ணு இப்பத்தான் நல்ல கலரா எடுத்துப் போட்டிண்டிருக்கா.”

பேட்ஜ்

சாயங்காலம் எல்லார் எதிரிலும் முதலாளி என்னைக் கேட்டார், மெத்தை வேண்டுமா, பேட்ஜ் வேண்டுமா என்று. நான் பேட்ஜைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன். ஆசைப்பட்டு வாங்கிய பதவி, மனசு வலிக்கத்தான் செய்தது. கெஞ்ச மட்டும் தோன்றவில்லை. அவர் இதை எதிர்பார்க்கவில்லை. அத்தனை பேர் கேட்க வாயை விட்டுவிட்டதால் பின்வாங்கவும் முடியவில்லை. மெத்தை தங்கியது. ஸ்டெல்லாவும் தங்கினாள்.

மறுநாள் நான் பழையபடி விற்பனைப் பெண்ணாக மெத்தையில் உட்கார, சட்டைத்துணிப் பிரிவிலிருந்து குமார் புது மேற்பார்வையாளராக வந்தார். நல்ல மனிதர். எந்தச் சேலை எந்த அலமாரி, யாருக்கு எப்போது சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் மெத்தையருகே வந்து குனிந்து என்னைத்தான் கேட்டார். ஸ்டெல்லாவால் பொறுக்க முடியவில்லை.

“எத்தினி வாட்டிண்ணா குனிவ, நீயும் குந்து.”

தலைமைப் பயிற்சி முடித்த கையோடு பதவியை இழந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், ஆனால் அதற்குப் பிறகு அந்த மாடியில் யாரும் என் பேச்சை நின்றுகொண்டு கேட்டதில்லை.