ஆறாம் காம்பிராவுக்கு எடுத்த ஊசி

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே "நம்பர் என்ன?" என்று கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். "முதல்ல என் மூஞ்சியப் பாருங்கம்மா" என்று சொல்லிவிடுவேன். சும்மா வருகிற கோபமல்ல அது.

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் தங்கையும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் நோயாளிக்குப் பெயர் கிடையாது. லயம் என்கிற வரிசை வீடுகளில் எந்தக் காம்பிராவில் குடியிருக்கிறோமோ அந்த அறையின் நம்பர்தான் பெயர். கொடுத்த மருந்தையெல்லாம் அந்த நம்பருக்குக் கீழே எழுதுவார்கள். குடியிருந்தவர்கள் மாறிப்போனாலும் பக்கம் மாறாது.

தங்கைக்குக் காலில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கொதித்தது. கூட்டிப் போனேன். மருந்து கொடுக்கிற ஐயா ஏட்டைப் புரட்டிவிட்டுப் பென்சிலின் ஊசியை எடுத்தார்.

"ஐயா, இவளுக்கு அது ஆகாதுங்க! முந்தி போட்டப்ப மூஞ்சி வீங்கி மூச்சே நின்னு போகப் பாத்துச்சுங்க."

"ஆறாம் காம்பிரா பொம்பளைக்கு ரெண்டு தடவ போட்டிருக்கேன். ஒண்ணும் ஆகல."

"அது எங்களுக்கு முந்தி இருந்தவங்க. கூரை ஒழுகுதுன்னு நாங்க போன மாசந்தான் அங்க மாறி வந்தோம். பழைய காம்பிரா பக்கத்தப் பாருங்க."

"எனக்கே படிச்சுக் குடுக்கிறியா? தள்ளு."

தள்ளவில்லை. அவருக்கும் தங்கைக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஊசி வேணாம்னா லீவுக்குச் சீக்குத் துண்டும் எழுதித் தரமாட்டேன். வேலைக்கு வரலன்னு பேரை வெட்டிருவாங்க."

"வெட்டட்டுங்க. வேலை போனா வேற வேலை. தங்கச்சி போனா யாருங்க குடுப்பா? குத்தித்தான் ஆகணும்னா என்னையக் குத்துங்க!"

வெளியே வரிசையில் நின்ற பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "அந்தப் பிள்ள சொல்றது நெசந்தாங்க" என்றாள் ஒருத்தி.

ஐயா ஊசியைத் தட்டில் போட்டார். பழைய காம்பிராவின் பக்கத்தைத் திருப்பினார். 'பென்சிலின் கூடாது' என்று அவரே எழுதியிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. வேறு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சீக்குத் துண்டும் எழுதினார். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை.

"புதுப் பக்கத்துல அவ பேரப் போட்டு எழுதுங்க. எழுதுற வரைக்கும் நகர மாட்டேன்."

முறைத்தார். நானும் முறைத்தேன். கடைசியில் பேனாவை எடுத்தார். நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்து எங்களுக்கு மருந்து கொடுத்த மனிதர், அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்:

"இவ பேரு என்ன?"