பெயரை மாற்றாத ஹவில்தார்

மல்காஜ்கிரியில் ஹவில்தார் கிரி என்றால் ஓர் இடத்தில் உட்காராத மனிதர் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். பட்டாளத்தில் லடாக் பக்கம் லாரி ஓட்டி ஓய்வு பெற்று வந்தவர். வந்த பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டினார், விட்டார். மல்லாபூரில் ஒரு தொழிற்சாலை கேட்டில் நின்றார், அதையும் விட்டார். விடியுமுன் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். திரும்ப லடாக்குக்கே போய்விடுங்கள், வீட்டில் தரையாவது மிஞ்சும் என்று மனைவி மைதிலி சொல்லிப் பார்த்தாள்.

அந்தக் கால்கள் ஓய்ந்தது அவர் எழுத உட்கார்ந்தபோதுதான். முகாம்களில் பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளை அட்டை கிழியும்வரை படித்தவர். எழுத எடுத்துக்கொண்டது கூடப்பிறந்த ஒரே அக்காள் தாயம்மாளின் கதையை. அவளைக் கட்டியவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நல்ல தொழில்காரர், ஆனால் குடி. அடி பொறுக்காமல் ஒருநாள் தாயம்மாள் கைக்குழந்தை சுஷ்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறினாள். மல்லாபூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள். பிறகு அவர் குடியை விட்டுவிட்டு வந்து நின்றார், சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச காலம் நன்றாக வாழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

கிரி இதை எழுதிய விதத்தில்தான் வம்பு. பட்டாளத்தில் வண்டி எங்காவது மோதினால் டிரைவர் அறிக்கை எழுத வேண்டும். யார், யார் மகன், எந்த இடம் என்பதில் ஒன்று விட்டுப்போனாலும் அதிகாரி திருப்பி அனுப்புவார். அந்தப் பழக்கத்தில் கதையிலும் தெருப்பெயர்வரை நிஜத்தையே எழுதினார். பெயரை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்துச் சென்னைப் பத்திரிகைக்கு அனுப்பிக் கொடுத்தவள் சுஷ்மாவேதான். தெலுங்கு ஊரிலேயே வளர்ந்து, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்த பெண். தமிழ் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. என்ன கதை மாமா என்று கேட்டாள். வெளிவந்ததும் வாசித்துக் காட்டுகிறேன் என்றார்.

வெளிவந்தது, சுஷ்மாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த அதே வாரத்தில். மாப்பிள்ளை சரத்தின் அம்மா வேதவல்லி அந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவள். பெண்ணின் அப்பா தங்கமான மனுஷன் என்று சொல்லிப் பேசி முடித்த சம்பந்தம் அது. தாயம்மாளுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வருவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள்.

அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் நின்று தட்டு மாற்ற வேண்டும். தான் பிடிக்க வேண்டிய தட்டைத் தானே தட்டிவிட்டோமே என்று கிரிக்கு உடம்பெல்லாம் முள். அக்காள் போனை எடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்து எழுந்தார், படுத்து எழுந்தார், ஸ்கூட்டரில் சிக்னல்வரை போய்த் திரும்பினார். கடைசியில் பொறுக்காமல் அக்காள் வீட்டுக்கே போனார்.

கதவைத் திறந்த சுஷ்மாவுக்கு முகம் வீங்கியிருந்தது. "கைக்கு மாமா, ஏன் இப்டி பண்ணீங்க? ஒரு பேராச்சும் மாத்தியிருக்கலாம்ல?"

அவர் உட்காரவில்லை. "நான் வேதவல்லியம்மா வீட்டுக்குப் போறேங்க்கா. எல்லாம் கற்பனை, நானே கட்டிவிட்டதுன்னு சொல்லிடறேன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "இன்னாடா கற்பனை? நான் பட்டது பொய்யா?"

"சுஷ்மாவுக்காகச் சொல்றேன்."

"நக்கோ, வேணாம். அவளுக்காகத்தான் நான் அந்த வீட்டை விட்டே வந்தேன். பொய்யின்னு சொல்லிட்டு வந்தீன்னா இந்த வாசப்படி மிதிக்காத. எழுத்துக் கூட்டி அம்புட்டும் படிச்சேன். அதுல ஒண்ணுதான் பொய்யி. அழுதுக்கினே பஸ் ஏறினேன்னு எழுதியிருக்க. நீ பாத்தியா? நீ எங்கியோ பனியில கெடந்த. எனக்கு சிரிப்பு வந்துச்சுடா. எங்க போவணும்னு கண்டக்டர் கேட்டான். தெரியலன்னு சொல்லிச் சிரிச்சேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சுஷ்மாவின் போனை வாங்கி, வேதவல்லியைக் கூப்பிடச் சொன்னாள்.

"சம்பந்தி, என் தம்பி எழுதனது அத்தனையும் நெசம். நான் அழுததுதான் இல்ல. நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. வர்றதுன்னா வெள்ளிக்கிழமை வாங்க."

அந்தப் பக்கம் வேதவல்லி என்னவோ கேட்டாள் போலிருக்கிறது. "எந்த பஸ்ஸா?" என்று இழுத்த தாயம்மாள், பதில் சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. டிக்கெட்டுக்குக் காசு வாங்காமல் மல்லாபூரில் இறக்கிவிட்ட கண்டக்டர், முதல் நாள் உடைந்த பிஸ்கட்டாகவே தின்று பசியாறியது, ஷிப்ட் முடியும்வரை சுஷ்மாவைத் தூங்கவைத்த ஸ்டெல்லா என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்றும் கிரிக்குத் தெரியாத கதை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே காதை மட்டும் அங்கே வைத்திருந்தார்.

"மறைச்சதுதான் அவங்களுக்கு ஆத்திரமாம். வர்றாங்களாம்," என்றாள் தாயம்மாள் போனை வைத்துவிட்டு. "வேட்டி கட்டிக்கினு வந்து தட்டைப் புடி. அதுவரிக்கும் பேனாவத் தொடாத."

சரிக்கா என்று தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார் கிரி. தெருமுனைகூடத் தாண்டவில்லை. வளைத்துத் திருப்பி வந்து, வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்: "எக்கா, அந்த ஸ்டெல்லா இன்னும் மல்லாபூர்லதான் இருக்காங்களா?"