ஆட்களை அழித்த படம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மண்ணச்சநல்லூர் ஆலையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக அரிசி மண்டி வைத்து, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் மாடி வீடு கட்டியவன். அந்த வீட்டில் யாருடைய தயவும் ஒரு செங்கல் அளவுக்குக்கூடக் கிடையாது. ஆகவே பேத்தியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றதும் மகனை அனுப்பாமல் நானே போனேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைவதும் ஒரு பாடமாம். எழுந்து நின்று கேட்டேன்.

"பொம்மை போடறதுக்கு ஒரு பீரியடா? அதைக் கணக்குக்குக் குடுங்க மேடம். நான் என்ன படம் வரைஞ்சா வீடு கட்டினேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். டிராயிங் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் பாருங்க ஐயா. அப்பவும் வேணாம்னா சொல்லுங்க" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிப் பதினெட்டன்று ஆற்றுக்குப் பூசை போட்டதும் எல்லோரும் கொல்லையில் வரிசையாக நிற்போம். மாடியில் அதே இடத்திலிருந்து ஒரு போட்டோ. பின்னால் ஆறு தெரிய வேண்டும் என்பது என் கட்டளை. பேத்தி அந்தப் போட்டோக்களைத்தான் பாடத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

"தாத்தா, ஆளுங்களை அழிச்சுட்டு இடத்தை மட்டும் வரையச் சொன்னாங்க. நம்ம எல்லாரையும் அழிச்சுட்டேன்."

"என்னையுமா?"

"உங்களைத்தான் முதல்ல. நடுவுல நின்னு எல்லாத்தையும் மறைச்சிருந்தீங்க."

சிரித்தேன். அவள் டேப்லெட்டில் படங்களைக் கண்ணாடித் தாள் போல ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தாள். வீடு அசையவில்லை. கரை அசைந்தது. முதல் படத்தில் தென்னைக்கு அப்பால் ஒரு மேடு. பிறகு மேடு இல்லை. பிறகு தென்னையும் இல்லை. அது காற்றில் சாய்ந்தது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். கடைசிப் படத்தில் தண்ணீர் கொல்லைச் சுவரை ஒட்டி நின்றது. இத்தனை வருடமும் நாங்கள் அந்தப் போட்டோக்களில் யார் பெருத்திருக்கிறார், யார் இளைத்திருக்கிறார் என்றுதான் பார்த்தோம்.

"அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு நாங்களே வரையணும். அதுக்குத்தான் மார்க்."

"வரைஞ்சிட்டியா?"

காட்டினாள். சுவர் இல்லை.

ஐப்பசி மழையில் சுவர் போனது. பழைய பூச்சு என்று வீட்டில் சொல்லிவிட்டு, கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில் டீச்சர் என்னைப் பார்த்தார்.

"என்னங்க ஐயா, பீரியடை எடுத்துடலாமா?"

"இருக்கட்டும்" என்றேன்.

இந்த ஆடிக்கு வாசலில் நின்று போட்டோ எடுத்தோம். முகமெல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது என்றான் மகன். பேத்தி மட்டும் மாடிக்குப் போய், ஆளில்லாத கொல்லையை எடுத்து வந்து, தான் வரைந்ததன் மேல் வைத்தாள். கரைக்கோடு பிசகாமல் பொருந்தியது.

"அடுத்ததையும் வரையட்டுமா தாத்தா?"

சுவர் இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறை. உள்ளே மருமகள் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.