பக்கெட்டில் கரைந்தவை

புதுக்கடையில் மருந்துக்கடை நடத்திய சுயம்புராஜ், சொந்த மச்சினனுக்கே டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்காத மனிதர். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "மருந்துன்னா வெளையாட்டு இல்ல கேட்டியளா" என்று வாரத்துக்கு நான்கு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

காலாவதியான மாத்திரை முழு அட்டையாக இருந்தால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டும் மூன்றுமாக வெட்டி விற்றதுபோக மிஞ்சும் துண்டு அட்டையை ஒருவரும் சீந்த மாட்டார்கள். முதலில் அவற்றைக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தார். 2004-இல் பக்கத்துத் தையல்கடைக்காரரின் மூன்று வயதுப் பிள்ளை அதைப் பொறுக்கி மிட்டாய் என்று விழுங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அன்று பிடித்த பிடிதான். மாதக் கடைசி சனிக்கிழமை மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டு, கரைந்ததும் கடைக்குப் பின்னால் ஓடையில் ஊற்றிவிடுவார். வீடுகளில் மிச்சம் கிடப்பதையும் கொண்டுவரச் சொல்லி ஊரெல்லாம் வாங்கினார். எத்தனை பக்கெட், என்ன தேதி என்று ஒரு நோட்டில் பெருமையாக எழுதியும் வைத்தார். ஓடை நேரே குளத்துக்குப் போகிறது. மறுநாள் ஞாயிறு அதே குளத்தில் முங்கிக் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலுக்குப் போய் அய்யாவைக் கும்பிட்டு வருவார்.

2013-இல் ரெஜிஷா வந்தாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண். தேங்காய்ச் சிரட்டையோடு இரும்பு உப்பும் யூரியாவும் சேர்த்து, காற்றுப் படாமல் சுட்டுக் கரிப்பொடி செய்வாள். அந்தப் பொடியோடு கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் தண்ணீரில் கலந்த மருந்து உடைந்துபோகும். கல்லூரிக் குடுவையில் நன்றாகவே உடைந்தது. நிஜக் குளத்துத் தண்ணீரிலும் உடைகிறதா என்று பார்க்கத்தான் இங்கே வந்தாள். திங்கட்கிழமைதோறும் ஸ்கூட்டரைச் சுயம்புராஜின் கடை நிழலில் நிறுத்திவிட்டு, கேனோடு குளத்தில் இறங்குவாள். திரும்பி வந்ததும் கை கழுவ அவர் தண்ணீர் கொடுப்பார், கூடவே பேச்சும் கொடுப்பார்.

மறு வருஷம் ஆடியில் ஒரு நாள் முகம் வாடி வந்தாள்.

"பொடி காலை வாருது அண்ணாச்சி. குளத்துல வலிப்பு மருந்து கெடக்கு. மூணு வாரம் அதை மொத்தமா உடைக்குது, ஒரு வாரம் பாதிகூட உடைக்கல்ல. கைடு சார் என்னைப் போட்டு ஏசுதாரு."

"அது எந்த வாரம் மக்களே?"

"மாசம் மாறுத சமயத்துல வாற திங்கள். குளத்துக்குத் தண்ணி வாற மேட்டுல ஒரு ஆஸ்பத்திரியும் இல்ல. மருந்து எங்கயிருந்து வருதுன்னே தெரியல்ல."

அது சுயம்புராஜ் பக்கெட்டை ஊற்றும் சனிக்கிழமைக்கு அடுத்து வரும் திங்கள். ஒரு மருந்தை உடைக்கப் போன பொடியின் பலத்தை, அவர் கரைத்து ஊற்றிய நூறு மருந்தும் மாத்திரை மாவும் தின்று தீர்த்திருக்கின்றன. சொல்லிவிட வாய் எடுத்தார். கடை லைசென்ஸ் நினைவுக்கு வந்தது. அந்தக் குளத்தில் குளிக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

"மழை பெஞ்சா எல்லாம் சரியாவும்" என்றார்.

அதன்பின் அவர் ஊற்றவில்லை. மிஞ்சியதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடினார். ஞாயிற்றுக்கிழமை குளத்தில் இறங்கவும் கால் வரவில்லை. வீட்டுக் குளியலறையில் குளித்தார். மனைவி முத்துக்கனி காரணம் கேட்டதற்குச் சளி என்றார். மருந்துக்கடைக்காரருக்கு மூன்று மாதம் தீராத சளி.

ஐப்பசியில் ரெஜிஷா லட்டுப் பெட்டியோடு வந்தாள்.

"பொடியை மாத்திட்டேன் அண்ணாச்சி. இரும்புக்குப் பதிலா கோபால்ட். மூணு மாசமா ஒரு வாரங்கூடப் பிசகல்ல. நீங்க சொன்ன மாதிரி மழையும் உதவிச்சு. இரும்புப் பொடி தோல்வின்னு தீசிஸ்ல எழுதியாச்சு, வாற வாரம் கொடுக்கப் போறேன்."

"அந்த இரும்புப் பொடி?"

"தூரத் தட்டியாச்சு. ரெண்டு வருஷத்து வேலை."

அவர் கையிலிருந்த லட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். பொடி மாறியதால்தான் தண்ணீர் சரியானது என்று இந்தப் பெண் நம்புகிறாள். அவர் ஊற்றுவதை நிறுத்தியதும் ஒரு காரணம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடியிருந்தால் அவள் தப்பை மெய்யென்று எழுதித் தன் பேரையும் போட்டுக் கொடுப்பாள். உள்ளே போய் டிரம்மையும் நோட்டையும் எடுத்துவந்து மேசையில் வைத்தார். பிள்ளை மாத்திரை விழுங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

அவள் நோட்டைப் புரட்டித் தன் செல்போனில் குறித்திருந்த, பொடி காலை வாரிய வாரங்களின் தேதிகளோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. அவர் ஏச்சுக்குக் காத்து நின்றார்.

"பிள்ளையளுக்காகத்தான் செஞ்சிய. அது எனக்கு மனசிலாவுது" என்றாள். பிறகு கேட்டாள்: "ஆடியில நான் வந்து பறஞ்சப்பமே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தீசிஸ் அந்த வாரம் போகவில்லை. இரண்டு பொடியையும் ஒரே தண்ணீரில் ஒப்பிட, இரும்புப் பொடியை முதலிலிருந்து சுட வேண்டியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் கேனோடு வந்தாள். சுயம்புராஜ் நிழலில் கிடந்த அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி ஸ்கூட்டருக்கு இடம் செய்து, கை கழுவச் செம்பில் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தார். அவள் எதிர்ப்பக்கம் வெயிலில் வண்டியை நிறுத்தினாள். குளத்திலிருந்து ஏறி வந்தவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை.