வாட்டர் பம்ப் என்று நான்தான் சொன்னேன்

பெங்களூர் பீன்யாவில் மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருஷம் எனக்கு ஒரே வேலை. ஓடுகிற மோட்டார்மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே பேரிங் சரியாகச் சுற்றுகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். நான் சரி என்றால் மோட்டார் பெட்டிக்குள் போகும். இல்லையென்றால் பிரித்துவிடுவார்கள். அங்கே என் காதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வீட்டில்தான் சந்தேகம்.

தொண்ணூற்றாறில் என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். அவருக்கு வங்கியில் வேலை. பிரேசர் டவுனில் நாங்கள் குடியிருந்த தெருவில் அது மூன்றாவது கார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நாலைந்து மாதம் போயிருக்கும், எஞ்சினிலிருந்து மெலிதாக ஓர் ஊளை கேட்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். சிக்னலில் நிற்கும்போது மிதித்தாலும் ஏறியது. அதனால் சக்கரத்திலோ கியரிலோ கோளாறு இல்லை.

“ஏங்க, ஒரு சத்தம் வருதே, கேக்குதா?” என்றேன்.

“பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்” என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

ஊளை பெரிதானதும் சிவாஜி நகர் மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். “பெல்ட்தான் சார் கத்துது” என்று அவர் புது ஃபேன் பெல்ட் மாட்டினார். பெல்ட் சத்தம் இப்படி இருக்காது, உள்ளே ஏதோ பேரிங் தேய்கிறது என்று நான் சொன்னேன். மெக்கானிக் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். “இவங்க ஃபேக்டரியில மோட்டார் பாக்கறவங்க” என்று இவரும் சிரித்தார். சத்தம் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கறி வாங்கப் போயிருந்தார். நான் பானட்டைத் திறந்தேன். அந்த பெல்ட் ஒரு பக்கம் வாட்டர் பம்பையும் இன்னொரு பக்கம் பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. அதைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரே ஒரு நிமிஷம் ஓட விட்டேன். ஊளை இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று. திரும்ப மாட்டி, ஸ்க்ரூ டிரைவரை ஆல்டர்னேட்டர்மேல் வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. பம்பின்மேல் வைத்தேன். யாரோ என் காதுக்குள் மணலை அரைப்பது போலிருந்தது. பம்புக்குக் கீழே பச்சைத் தண்ணீர் கசிந்த தடமும் இருந்தது.

பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அவர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். அவர் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார், எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார்.

“யார் உன்னைத் தொடச் சொன்னது? தெருவே பாக்குது.”

“வாட்டர் பம்ப் போகப்போகுதுங்க. போச்சுன்னா எஞ்சினே சூடேறி வீணாயிடும்.”

ஸ்பேனரை வாங்கி, பெல்ட்டை இன்னும் இறுக்கினார். இறுக்கினால் தேய்ந்த பேரிங் சீக்கிரம் சாகும் என்பது எனக்குத் தெரியும். அப்போது சொல்லத் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் காலையில் என் தம்பி கிருஷ்ணகிரியிலிருந்து போன் செய்தான். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார், உடனே வா என்றான்.

“பஸ்ல போயிடலாங்க” என்றேன்.

“வீட்ல கார் நிக்குது, பஸ்ல போய் இறங்கினா உங்க வீட்ல என்ன நினைப்பாங்க?”

ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே ஊளை அலறலாக மாறியது. பிறகு ஏதோ அறுந்து அடித்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றேன். செக்போஸ்ட் தாண்டி நிழலில் நிறுத்துகிறேன் என்று அவர் ஓட்டிக்கொண்டே போனார். பானட்டிலிருந்து ஆவி கிளம்பிய பிறகு வண்டி தானாகவே நின்றது.

கிருஷ்ணகிரி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. “வண்டியை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது? இழுத்துட்டுப் போக ஆள் வரட்டும், சேர்ந்தே போலாம்” என்றார். நான் காத்திருந்தேன். யாரும் என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ஒன்றரை மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றேன். அப்புறம்தான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பஸ்ஸில் ஏறினேன்.

நான் போனபோது அப்பாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகிறது என்றான் தம்பி. “கார்ல வர்றாங்க, இப்ப வந்துடுவாங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்க்கா” என்றான். அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்து திரும்பியபோது காரும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்திருந்தது. புது பம்ப் போட்டு, எஞ்சினின் தலைப் பகுதியைக் கழற்றிச் சீராக்கியிருந்தார்கள். சத்தமே இல்லை. என் கணவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைக்காக நான் அந்த மாதம் முழுக்கக் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து, அவருடைய அலுவலகத்து ஆட்கள் சாப்பிட வந்திருந்தார்கள். புதிதாகக் கார் வாங்கிய ஒருவர், எஞ்சினில் ஏதோ சத்தம் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“பெல்ட்டைக் கழட்டிட்டு ஓட விட்டுப் பாருங்க” என்றார் என் கணவர். “நான் அப்படித்தான் கண்டுபிடிச்சேன். மெக்கானிக் பெல்ட்டுன்னான். நான் காதை வெச்சுக் கேட்டு, வாட்டர் பம்ப்னு சொல்லிட்டேன்.”

நான் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவரின் முகமாகவும் அது இல்லை.

“அப்புறம் உடனே மாத்திட்டீங்களா சார்?” என்று கார் வாங்கியவர் கேட்டார்.

“எங்கே, நேரமே கிடைக்கல” என்றார் என் கணவர்.

நான் பம்ப் என்று சொன்னதற்கும் வண்டி நின்றதற்கும் இடையில் இருந்த அந்தப் பதினோரு நாளில் அவர் இரண்டு முறை காரைக் கழுவித் துடைத்தார்.