எஸ்.ஐ. வாயில் நாரங்கா மிட்டாய்

எலப்புள்ளியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். குற்றவியல் உளவியல் படித்துவிட்டு, போலீஸ்காரர்களுக்கு விசாரணைப் பயிற்சி கொடுக்கிறேன். இதை அப்பாவுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அவங்களுக்கு நீ என்னடா சொல்லிக் குடுக்கறே?"

"பேசாம இருக்கச் சொல்லிக் குடுக்கறனுங்கப்பா."

"அதுக்கா இத்தனை படிச்சே? நம்மூட்டு எருமை படிக்காமயே பேசாம இருக்குது!"

ஆனால் உண்மை அதுதான். கேள்வி கேட்டபின் எதிராளி நினைத்துப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்பது என் பாடத்தில் பாதி. வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் கேள்வியையும் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வாளையார் எல்லைப் பக்கத்தில் ஒரு எஸ்.ஐ. மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார், நிறையவும் பேசுவார். நான் போன அன்று ஓர் இளைஞனை உட்காரவைத்திருந்தார். ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் காணாமல் போயிருந்தது. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் இப்போதுதான் சேர்ந்திருந்தான். வழக்கில் பெயர் ஏறினால் வேலை போய்விடும்.

"ஆளில்லைன்னு பார்த்து மோட்டாரைக் கழட்டினே, அல்லே?"

"இல்லைங்க..."

"பின்னே எங்கே போனே? சந்தைக்கா?"

"ஆமாங்க."

"சந்தைக்கா, குடிக்கவா?"

"குடிக்கத்தானுங்க."

"கண்டோ சார்? மாத்தி மாத்திப் பேசறான்!"

எனக்குத் தெரிந்து அவன் சொந்தமாக ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்கவில்லை. எஸ்.ஐ.யை வெளியே அழைத்துவந்து அதைச் சொன்னேன்.

"எனக்கு வாய் நிக்காது சார். வீட்டிலயும் இதே பராதிதான், தினமும் குறை சொல்றாங்க" என்றார்.

எதிர்ப் பெட்டிக்கடையில் நாரங்கா மிட்டாய் வாங்கி அவர் கையில் வைத்தேன். ஆரஞ்சுச் சுளை மாதிரி, மேலே சர்க்கரை தூவி இருக்குமே, அது. "ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டதும் இதை வாயில போட்டுக்குங்க. கடிக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லு." உள்ளே திரும்பியதும் எஸ்.ஐ. கேட்டார். மிட்டாய் வாய்க்குள் போனது.

இளைஞன் அவரைப் பார்த்தான். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது, புருவம் துடித்தது, ஆனால் பேச்சு வரவில்லை.

"பொண்டாட்டி கோவிச்சுட்டு மதுக்கரைக்குப் போயிட்டாளுங்க" என்றான் மெதுவாக. "காத்தாலயே கூட்டியாரப் போனேன். மாமனார் கேட்டைத் தொறக்கலீங்க. பொழுது சாயற வரைக்கும் வெளியவே நின்னேன். மாமியா மோர் கொண்டாந்துச்சு. மாமனார் அதையும் புடுங்கிட்டுப் போயிட்டாருங்க."

"இதை ஏன்டா மொதல்லயே..." என்று தொடங்கிய எஸ்.ஐ. என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இதை எப்படிங்க சொல்றது? கம்பெனியில தெரிஞ்சா சிரிப்பாங்க. குடிச்சேன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எஸ்.ஐ. மாமனாருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்படியே என் பாடம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"காத்தாலயே மாப்பிள்ளை வந்தானுங்க. இருட்டற வரைக்கும் வாசல்ல நின்னான். எதுக்குங்க?"

விஷயத்தைச் சொன்னதும் போன் அவன் பொண்டாட்டி கைக்கு மாறியது.

"மோட்டாரா? அவரா? ஊட்டுல சுச்சுப் போடவே பயப்படற மனுசனுங்க அவரு! அங்கயே இருக்கச் சொல்லுங்க, நான் பஸ் ஏறறேன்."

எஸ்.ஐ. அவனிடம், "உன்மேல ஒண்ணுமில்லை. நாளைக்கு வேலைக்குப் போ. இப்ப நீ கிளம்பலாம்" என்றார்.

விட்டால் போதும் என்று ஓடுகிறவர்களைத்தான் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். அவன் பெஞ்சில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இங்கயே இருக்கச் சொன்னாளுங்களே" என்றான்.