எண்ணிக்கை தப்பாத காது

போலீஸ் ஆயுதப்படையில் இருபது வருடம் துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுத்தேன். சுட வருகிறவன் வருடத்துக்கு ஒரு நாள் வருவான். காது மூடியை மாட்டிக்கொண்டு பத்துத் தோட்டா சுட்டுவிட்டுப் போவான். பின்னால் நின்று அத்தனை பேர் சத்தத்தையும் வாங்கிக்கொண்டவன் நான்.

எனக்கும் காது மூடி கொடுத்திருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. அதைக் கழுத்தில் தொங்க விட்டிருப்பேன். ஐந்து பேர் சுட்டால் ஐம்பது வெடியையும் காதால் எண்ணுவது என் வழக்கம். ஒன்று குறைந்தால் யார் துப்பாக்கியிலோ தோட்டா மிச்சம் இருக்கிறது. அது தெரியாமல் இலக்கு அட்டையைப் பார்க்க ஆளை அனுப்ப முடியுமா? மூடியை மாட்டினால் எண்ண முடியாது என்று எனக்கு ஒரு வறட்டு நம்பிக்கை.

"அண்ணே, அதை எடுத்து மாட்டுங்கண்ணே, காது போயிரும்" என்பான் உடன் வேலை பார்த்தவன்.

"எண்ணிக்கை தப்புனா உசுரே போயிரும் மாப்ள."

ஒரு நாளும் தப்பியதில்லை. அந்தத் திமிர் வேறு.

காது போனது. முதலில் பெண்கள் பேச்சு மங்கியது. "மூடி போட்டிருந்தாலும் வெடிச் சத்தம் நல்லாவே கேட்டிருக்குமே, எதுக்குக் கழட்டுனீங்க?" என்றார் டாக்டர். போனது திரும்பாது என்றும் எழுதிக் காட்டினார். மிஷின் வாங்கி மாட்டினேன். பாத்திரம் உருளுவது கேட்டது, பேச்சு புரியவில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

போன வருடம் ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அடுப்படியில் மகள் என் தோளைப் பிடித்து, கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி காதோரம் ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது. கல்யாணம் என்றால் பெண்பிள்ளைக்கு அழுகை வரத்தானே செய்யும் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவள் முகம் தெளிந்தது. நான் கூடத்துக்குப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பியதும் எதிரே வந்து நின்று கத்தினாள். "இந்த மாப்பிள்ளை வேணாம்னு சொன்னேன்ல. சரின்னு தலைய ஆட்டுனீங்களேப்பா!"

நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கை மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. கல்யாணம் நடந்தது.

இப்போது வந்தால், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். எனக்காக யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.